விதிவிலக்கு விதியை நிரூபிக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் வாக்குவாதம் சூடுபிடித்தால் எங்கிருந்தாவது வந்து விழும் வாக்கியம், 'தி எக்ஸெப்ஷன் ப்ரூவ்ஸ் த ரூல்'. தமிழிலும் 'விதிவிலக்குகள் விதியை நிரூபிக்கின்றன' என்று மேடையிலும் கட்டுரையிலும் தாராளமாகப் புழங்குகிறது. மாணவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், இந்த வாக்கியத்தால் வாயடைக்கப்பட்டு வீடு திரும்பியவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. பின்னால் வரும் பதில்கள் முன்னால் வந்தவற்றை நம்பி எழுதப்பட்டவை என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

ஒரு விதிக்கு விலக்கு இருந்தா அந்த விதி தப்புன்னுதானே அர்த்தம்? அது எப்படி விதியை நிரூபிக்கும்?

நியாயமான கேள்வி. பதில், எந்த மாதிரி விலக்கு என்பதைப் பொறுத்தது. விதி போடும் அதிகாரம் உள்ளவரே வாய்விட்டுச் சொன்ன, அல்லது எழுதிவைத்த விலக்கு ஒரு வகை. விதிக்கு ஒத்துவராமல் உலகத்தில் நாமாகக் கண்டெடுக்கும் விலக்கு இன்னொரு வகை. இந்த வாக்கியம் முதல் வகைக்காக மட்டுமே பிறந்தது. இரண்டாவது வகையில் நீங்கள் சொல்வதுதான் சரி: பறக்காத நெருப்புக்கோழி ஒன்று போதும், 'எல்லாப் பறவையும் பறக்கும்' என்பது அங்கேயே உடைந்துவிடும்.

சொல்லப்பட்ட விலக்குக்கு ஒரு உதாரணம். அருங்காட்சியக வாசலில் 'ஞாயிற்றுக்கிழமை அனுமதி இலவசம்' என்று பலகை தொங்குகிறது. மற்ற நாட்களில் கட்டணம் உண்டு என்று எங்கேயும் எழுதவில்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமை வருகிறவர் சில்லறை எடுத்துக்கொண்டுதான் வருவார். தினமும் இலவசமாக இருந்தால் ஞாயிறை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. எழுதப்படாத விதி ஒன்று இருக்கிறது என்பதற்கு அந்தப் பலகையே சாட்சி. 'விலக்கு விதியை நிரூபிக்கிறது' என்பதன் பொருள் இவ்வளவுதான்.

இது முழு வாக்கியமா, இல்ல ஏதாவது விட்டுப் போச்சா?

பாதிதான் நம் கைக்கு வந்திருக்கிறது. சட்டத்துறையில் வழங்கிய லத்தீன் வாசகம்: 'எக்ஸெப்டியோ ப்ரோபாட் ரெகுலாம் இன் காஸிபுஸ் நோன் எக்ஸெப்டிஸ்'. விலக்கு என்று ஒன்றைச் சொன்னது, விலக்கப்படாத மற்றவற்றில் விதி செல்லும் என்பதை நிறுவுகிறது என்று பொருள். இந்த வாசகம் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சட்ட நூல்களில் வழங்கியது. அதே நூற்றாண்டில் ஆங்கிலப் பழமொழியாகவும் மாறியது.

பழமொழியானபோது 'விலக்கப்படாதவற்றில்' என்ற வால் உதிர்ந்தது. குழப்பத்தில் பெரும்பகுதி அந்த வால் இல்லாததால் வந்தது. வால் இருந்தவரை வாசகம் தன் எல்லையைத் தானே சொல்லிக்கொண்டிருந்தது. வால் போன பிறகு, எந்த விலக்கு வந்தாலும் எந்த விதியும் பலப்படும் என்பதுபோல் ஒலிக்கிறது.

இதை முதல்ல சொன்னது யாரு?

இப்போதுள்ள வாசகத்தை இயற்றியவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. வாதத்தின் வேர் ரோமானிய வழக்கறிஞர் சிசரோவிடம் இருக்கிறது. ஆண்டு கி.மு. 56. குற்றம் சாட்டப்பட்டவர் லூசியஸ் கொர்னீலியஸ் பால்பஸ். இன்றைய ஸ்பெயினின் காடிஸ், அன்றைய காடெஸ், அவருடைய ஊர். ஸ்பெயினில் நடந்த போரில் ரோமுக்காக உழைத்ததற்குப் பரிசாக, தளபதி பாம்பே அவருக்கு ரோமானியக் குடியுரிமை கொடுத்திருந்தார். கி.மு. 72இல் வந்த சட்டம் ஒன்று பாம்பேக்கு அந்த அதிகாரத்தை அளித்திருந்தது. காடெஸ் நகரத்தோடு ரோம் செய்துகொண்ட உடன்படிக்கை இருக்கும்போது அந்த ஊர்க்காரருக்குக் குடியுரிமை கொடுத்தது செல்லாது என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

சிசரோ வேறு உடன்படிக்கைகளை எடுத்துப் போட்டார். கெனோமானி, இன்சுப்ரெஸ், ஹெல்வெட்டீ, இயாபுடெஸ் போன்ற இனத்தாரோடு செய்த உடன்படிக்கைகளில், 'இவர்களில் எவரையும் ரோமானியக் குடிமகனாக ஏற்கக் கூடாது' என்று ஒரு விலக்கு விதி எழுதப்பட்டிருந்தது. காடெஸ் உடன்படிக்கையில் அப்படி எதுவும் இல்லை. விலக்கு எழுதப்பட்ட இடத்தில் கூடாது என்றாகிறதென்றால், எழுதப்படாத இடத்தில் கூடும் என்றுதானே ஆக வேண்டும் என்று கேட்டார். பால்பஸ் விடுதலையானார். பின்னாளில், கி.மு. 40இல், ரோமின் தலைமைப் பதவியான கான்சல் பதவிக்கே வந்தார். அயல்நாட்டில் பிறந்து அந்தப் பதவியில் அமர்ந்த முதல் ஆள் அவர்.

இந்த வாதத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிசரோ காட்டிய விலக்குகள் வேறு உடன்படிக்கைகளில் இருந்தவை. ஒரே கை எழுதிய பல ஆவணங்களை ஒன்றாக வைத்துப் படித்து, 'தடுக்க நினைத்தபோது தடுத்து எழுதத் தெரிந்தவர்கள் இங்கே எழுதவில்லை' என்று காட்டினார். இன்றைக்கும் ஒப்பந்த வழக்குகளில் வழக்கறிஞர்கள் செய்வது இதைத்தான்.

'ப்ரூவ்' என்றால் பழைய ஆங்கிலத்தில் 'சோதிப்பது'ன்னு அர்த்தமாம். அதனால இது 'விலக்கு விதியைச் சோதிக்கிறது'ன்னுதான் இருக்கணும்னு எங்க சார் சொன்னார். சரியா?

பாதி சரி. 'ப்ரூவ்' என்ற சொல்லுக்குச் சோதித்தல் என்ற பொருள் உண்மையிலேயே இருந்தது. 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தில் 'ப்ரூவ் ஆல் திங்ஸ்' என்று வரும் வசனம், தமிழ் வேதாகமத்தில் 'எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து' என்று இருக்கிறது (1 தெசலோனிக்கேயர் 5:21). துப்பாக்கிக் குழாய்களை அதிக மருந்து இட்டு வெடித்துப் பார்த்து முத்திரை குத்தும் இடத்துக்குப் பர்மிங்ஹாமில் இன்றும் 'ப்ரூஃப் ஹவுஸ்' என்றே பெயர். அது 1813இல் அமைந்தது.

ஆனால் இந்த வாக்கியத்தின் பிறப்பு அந்தப் பொருளில் இல்லை. 'சோதிக்கிறது' என்று வைத்துக்கொண்டு மேலே சொன்ன முழு லத்தீன் வாசகத்தைப் படித்துப் பாருங்கள்: 'விலக்கு, விலக்கப்படாதவற்றில் விதியைச் சோதிக்கிறது' என்று வரும். ஒரு பொருளும் நிற்கவில்லை. சிசரோ எதையும் சோதிக்கவும் இல்லை. விலக்கைக் காட்டி விதியை நிறுவினார். அமெரிக்க எழுத்தாளர் ஆம்புரோஸ் பியர்ஸ் தன் கிண்டல் அகராதியில் 'சோதிக்கிறது' என்பதுதான் உண்மைப் பொருள் என்று அடித்துச் சொன்னார். இன்றுவரை அந்த விளக்கம் ஓடுவதற்குக் காரணம், அது கேட்க அறிவார்த்தமாக இருப்பதுதான். நல்ல அறிவுரை, தவறான வரலாறு.

அப்போ இங்கே 'விலக்கு'ன்னா என்ன? ஒத்துவராத உதாரணமா, விலக்கி வைக்கிற செயலா?

விலக்கி வைக்கிற செயல். லத்தீனில் 'எக்ஸெப்டியோ' என்பது 'இதை மட்டும் எடுத்துவிடுகிறோம்' என்று சொல்லும் வாசகத்தைக் குறித்தது. தமிழில் இது புரிவது சுலபம், ஏனென்றால் 'வரிவிலக்கு' என்று தினமும் சொல்கிறோம். வரிவிலக்கு தானாக நிகழ்வதில்லை, ஒருவர் கொடுப்பது. 2006இல் தமிழ்நாடு அரசு, தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரியிலிருந்து விலக்கு அளித்தது. வரிச் சட்டத்தைக் கண்ணால் பார்க்காதவருக்கும் அந்த அறிவிப்பிலிருந்தே இரண்டு சங்கதி தெரிந்துவிடும்: படங்களுக்குக் கேளிக்கை வரி என்று ஒன்று இருக்கிறது, ஆங்கிலப் பெயர் வைத்தால் அதைக் கட்ட வேண்டும். தயாரிப்பாளர்களுக்கும் சட்டென்று தெரிந்தது. அந்த வருஷம் பல படங்களின் பெயர் மாறியது.

'விதிவிலக்கு' என்று சொல்லும்போதுதான் தகராறு. அந்தச் சொல்லைக் கொடுத்த விலக்குக்கும் சொல்கிறோம், கண்டெடுத்த விலக்குக்கும் சொல்கிறோம்.

ஆங்கில இலக்கணத்துல 'ஐ பிஃபோர் ஈ எக்ஸெப்ட் ஆஃப்டர் சி'ன்னு படிச்சோம். அதுக்கு ஏகப்பட்ட விதிவிலக்கு இருக்கே. அதெல்லாம் விதியை நிரூபிக்குதா?

ஆங்கிலச் சொற்களில் ஐயும் (i) ஈயும் (e) அடுத்தடுத்து வந்தால் ஐ முதலில் வரும், சி (c) எழுத்துக்குப் பின் தவிர என்பது இந்த விதி. இந்த ஒரு உதாரணத்துக்குள் இரண்டு வகையும் இருக்கின்றன. 'சி எழுத்துக்குப் பின் தவிர' என்பது விதியிலேயே சொல்லப்பட்ட விலக்கு. விதியின் முதல் பாதி கிழிந்துபோய், 'சிக்குப் பின் ஈ முதலில்' என்ற துண்டு மட்டும் உங்களுக்குக் கிடைத்தால்கூட, மற்ற இடங்களில் ஐ முதலில் வரும் என்று ஊகிக்கலாம். விலக்கு விதியை நிரூபிக்கிறது.

'வியர்ட்' (weird), 'சீஸ்' (seize) என்று நாம் தேடிப் பிடிக்கிற சொற்களில் ஈ முன்னால் வருகிறது. 'சயின்ஸ்' (science) என்பதில் சிக்குப் பின்னாலும் ஐ முன்னால் வருகிறது. இவை யாரும் சொல்லிவைத்த விலக்கல்ல. ஒவ்வொன்றும் விதியைக் கொஞ்சம் பலவீனமாக்குகிறது. இவற்றைக் காட்டும்போது ஒருவர் 'விலக்குதான் விதியை நிரூபிக்கிறது' என்றால், தோற்ற வாதத்தை வென்றதாக எழுதிக்கொள்கிறார் என்று பொருள்.

எல்லாரும் தப்பாத்தான் பயன்படுத்துறாங்களா? பேச்சுல 'அவன்தான் எக்ஸெப்ஷன்'னு சொல்றதுகூட தப்பா?

ஹென்றி ஃபௌலர் 1926இல் வெளியிட்ட ஆங்கில வழக்கு அகராதியில் இந்த வாக்கியத்தின் பயன்பாட்டை ஐந்தாகப் பிரித்தார். முதலாவது சட்டப் பொருள். அவர் காட்டிய உதாரணம் படை முகாமிலிருந்து: 'இன்றிரவு 11 மணி வரை வீரர்கள் வெளியே இருக்கச் சிறப்பு அனுமதி' என்று உத்தரவு வந்தால், மற்ற இரவுகளில் அதற்கு முன்பே திரும்ப வேண்டும் என்ற விதி இருப்பது தெரிகிறது. இரண்டாவது, கொஞ்சம் சிக்கலான அறிவியல் பொருள். அடுத்த கேள்வியில் வருகிறது. மூன்றாவது தளர்வான பேச்சு வழக்கு. நான்காவது வேடிக்கைக்காகச் சொல்லும் அபத்தம். ஐந்தாவது உண்மையிலேயே நம்பிச் சொல்லும் அபத்தம்.

நீங்கள் கேட்பது மூன்றாவது. 'அந்தக் குடும்பத்தில் எல்லோரும் வக்கீல்; கடைசிப் பையன் மட்டும் மிருதங்கம் வாசிக்கிறான்' என்னும்போது, அவன் ஒருவன் தனியாகக் கண்ணில் படுவதே மற்றவர்கள் ஒரே மாதிரி இருப்பதைக் காட்டுகிறது. நிரூபணம் என்று அடம்பிடிக்காமல் சொன்னால் இதில் தவறில்லை. விலக்கு அபூர்வமாக இருப்பதால் பளிச்சென்று தெரிகிறது, அவ்வளவே. மூன்றாவதிலிருந்து ஐந்தாவதுக்கு வழுக்கி விழுவது வெகு சுலபம் என்பதால்தான் எச்சரிக்கை தேவைப்படுகிறது.

அறிவியல்ல விதிவிலக்கு ஒண்ணு கண்டுபிடிச்சா கோட்பாடே போயிடும்னு சொல்வாங்க. அங்கே இந்தப் பழமொழிக்கு என்ன வேலை?

ஃபௌலரின் இரண்டாவது வகை இங்கேதான் பயன்படுகிறது. ஒத்துவராததுபோல் தெரிந்த ஒன்று, நன்றாகத் துருவிப் பார்த்தபோது விதிக்கு உட்பட்டதாகவே முடிந்தால், விதியின் மேல் நம்பிக்கை முன்னைவிடக் கூடுகிறது.

யுரேனஸ் கோளை எடுத்துக்கொள்ளுங்கள். 1781இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் அது நியூட்டன் விதிப்படி போட்ட கணக்கிலிருந்து விலகி ஓடுவது தெரிந்தது. பார்வைக்கு அது நியூட்டனுக்கு ஒரு விதிவிலக்கு. பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே விதியைக் கைவிடவில்லை. விதி சரி என்றால் அப்பால் இன்னொரு கோள் இருந்து இதை இழுக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அது இருக்க வேண்டிய இடத்தை எழுதி பெர்லினுக்கு அனுப்பினார். 1846 செப்டம்பர் 23 இரவு அங்கிருந்த வானியலாளர் கால்லே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. விதியைக் கவிழ்க்க வந்த விலக்கு விதிக்குப் பலமாக முடிந்தது.

அதே லெவெரியே 1859இல் புதன் கோளின் பாதையிலும் ஒரு விலகலைக் கண்டார். அதே வைத்தியத்தைச் செய்தார்: சூரியனுக்கு அருகே கண்ணுக்குப் படாத ஒரு கோள் இருக்க வேண்டும் என்றார். வல்கன் என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது. தேடித் தேடியும் கிடைக்கவில்லை. விளக்க முடியாமல் மிஞ்சிய விலகல் நூறு ஆண்டுக்கு 43 விகலை. ஒரு பாகையில் 3600 விகலை உண்டு என்றால் இது எவ்வளவு சிறியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு அந்த 43ஐச் சரியாகக் கொடுத்தது. இந்த முறை விதிவிலக்கு உண்மையான விதிவிலக்கு. நியூட்டனின் விதி தோராயம் என்றாகிவிட்டது. ஆகவே அறிவியலில் விலக்கு வந்த அன்று எதுவும் நிரூபணமாவதில்லை. துருவிய பிறகு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் கணக்கு.

சரி, பலகையிலிருந்து விதியை ஊகிக்கிறது தர்க்கப்படி செல்லுமா? கணக்கு வாத்தியார் ஒத்துக்க மாட்டாரே.

ஒத்துக்கொள்ள மாட்டார், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. 'ஞாயிறு இலவசம்' என்ற கூற்றிலிருந்து 'செவ்வாய் இலவசமல்ல' என்பது கறாரான தர்க்கத்தில் பிறக்காது. தினமும் இலவசமாக இருந்தாலும் 'ஞாயிறு இலவசம்' என்பது பொய்யாகிவிடாதே.

இந்த ஊகம் நிற்பது, பேசுபவர் தேவையில்லாமல் வார்த்தையைச் செலவழிக்க மாட்டார் என்ற எதிர்பார்ப்பின் மேல். இதைச் சீராக விளக்கியவர் தத்துவவாதி பால் கிரைஸ். 1967இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில், உரையாடலில் இருக்கும் இருவரும் ஒத்துழைக்கிறார்கள், வேண்டிய அளவு தகவலைத் தருகிறார்கள் என்று நாம் எடுத்துக்கொள்வதால்தான் சொல்லாததையும் புரிந்துகொள்கிறோம் என்றார். அந்த உரையின் முக்கியப் பகுதி 1975இல் அச்சில் வந்தது. 'சில மாம்பழம் அழுகிவிட்டது' என்று கடைக்காரர் சொன்னால் எல்லாம் அழுகவில்லை என்று எடுத்துக்கொள்கிறோமே, அதே வழி. இப்படிப்பட்ட ஊகத்தை ரத்து செய்யலாம். பலகையின் கீழே சின்ன எழுத்தில் 'மற்ற நாட்களிலும் இலவசமே' என்று இருந்தால் ஊகம் போய்விடும். முரண்பாடு எதுவும் வராது, பலகை எழுதியவர் மேல் எரிச்சல்தான் வரும்.

தமிழ்ல, நம்ம மரபுல இப்படி ஒரு நியாயம் உண்டா?

இதே பழமொழி கிடையாது. இதற்கு நெருங்கிய அனுமானம் உண்டு. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி என்ற தர்க்கவாதி அடுக்கும் அளவைகளில், அதாவது ஒன்றை அறியும் வழிகளில், 'மீட்சி' என்று ஒன்று வருகிறது. 'இராமன் வென்றான்' என்ற சொல்லிலிருந்து இராவணன் தோற்றான் என்று அறிவது மீட்சி என்கிறது நூல். ஒன்றைச் சொன்னதால் சொல்லாத மறுபக்கம் விளங்குகிறது.

இலக்கண உரையாசிரியர்கள் இன்னும் கூர்மையாகப் பிரித்தார்கள். 'செந்தாமரை' என்னும்போது, செம்மை என்ற அடை வெண்தாமரையை விலக்குகிறது. இதைப் பிறிதின் இயைபு நீக்குதல் என்பார்கள். 'செஞ்ஞாயிறு' என்னும்போது விலக்குவதற்கு வேறு நிற ஞாயிறு கிடையாது. அங்கே அடை வெறுமனே இயல்பைச் சொல்கிறது, அது தன்னோடு இயைபின்மை நீக்குதல். சொல்லப்பட்ட அடை எல்லாம் எதையோ விலக்குகிறது என்று முடிவுகட்டாதே என்ற எச்சரிக்கை இதில் இருக்கிறது. விலக்கு வாதம் எங்கே சறுக்கும் என்பதற்கும் இந்தப் பாகுபாடு அப்படியே பொருந்தும். இனி வரும் கேள்விகளில் இது தேவைப்படும்.

ஒருத்தர் இந்த வாதத்தை என்கிட்ட வைக்கும்போது அது செல்லுமா செல்லாதான்னு எப்படிப் பார்க்கிறது?

முதலில், அந்த விலக்கைச் சொன்னது யார் என்று கேளுங்கள். விதி போடும் இடத்தில் இருப்பவரா, அல்லது வாதம் செய்பவரே கண்டெடுத்ததா? கண்டெடுத்ததென்றால் பழமொழிக்கு இங்கே வேலையில்லை, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். பெரும்பாலான சண்டைகள் இந்த முதல் படியிலேயே முடிந்துவிடும்.

அதைத் தாண்டினால், விதி இல்லாவிட்டால் இந்த விலக்கு வீணான பேச்சாகிவிடுமா என்று பாருங்கள். வீணாகும் என்றால் வாதம் பலமானது. அடுத்து, விலக்கைச் சொல்ல வேறு காரணம் இருந்திருக்குமா? சந்தேகம் தீர்க்க, ஒருவரைத் திருப்திப்படுத்த, விளம்பரத்துக்காக என்று எத்தனையோ காரணம் இருக்கலாம். செஞ்ஞாயிறு ரகம். கடைசியாக, கிடைத்த விதியின் அகலத்தைப் பாருங்கள். 'ஞாயிறு அனுமதி இலவசம்' என்பதிலிருந்து மற்ற நாள் அனுமதிக்குக் கட்டணம் என்று மட்டும்தான் வரும். ஞாயிறு கேமராவுக்கும் கட்டணம் இல்லை என்றோ, திங்கள் திறந்திருக்கும் என்றோ வராது. வாதம் செய்பவர்கள் அதிகமாக ஏமாற்றுவது இந்தக் கடைசிப் படியில்.

விலக்கு எழுதியிருந்தும் விதி இல்லாம இருக்குமா? உண்மையான உதாரணம் ஏதாவது?

இந்திய வருமான வரியிலேயே இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், 10ஆம் பிரிவின் முதல் உட்பிரிவிலேயே விவசாய வருமானத்துக்கு விலக்கு அளித்தது. பழமொழியை அப்படியே போட்டால், இந்த விலக்கு மட்டும் இல்லாவிட்டால் மத்திய அரசு விவசாய வருமானத்துக்கு வரி போட்டிருக்கலாம் என்று வரும். அது தவறு. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை, 'விவசாய வருமானம் நீங்கலான வருமானத்தின் மீதான வரி' என்றுதான் மத்தியப் பட்டியலில் 82ஆம் இனமாகக் கொடுத்திருக்கிறது. விவசாய வருமான வரி மாநிலப் பட்டியலில் 46ஆம் இனம். போட அதிகாரமே இல்லாத வரிக்குச் சட்டத்தில் விலக்கு எழுதியிருக்கிறார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று எழுதிவைக்கும் இப்படிப்பட்ட வாசகங்கள் சட்டங்களில் நிறைய உண்டு. வீட்டைப் பூட்டிய பிறகும் ஒருமுறை இழுத்துப் பார்ப்போமே, அந்தப் புத்தி.

வேடிக்கை என்னவென்றால், 82ஆம் இனத்தில் இருக்கும் 'நீங்கலான' என்ற சொல் உண்மையாகவே வேலை செய்யும் விலக்கு. அது இல்லாவிட்டால் 'வருமானம்' என்பதற்குள் விவசாய வருமானமும் அடங்கியிருக்கும். ஒரே பொருளைப் பற்றி இரண்டு விலக்கு, ஒன்று விதியை நிரூபிக்கிறது, மற்றது நிரூபிக்கவில்லை.

கோர்ட்ல இந்த வாதம் எடுபடுமா?

எடுபடும், அளவோடு. சட்டப் பிரிவுகளின் கடைசியில் 'ஆனால்...' என்ற பாணியில் ஒரு வரம்புரை வரும், ஆங்கிலத்தில் ப்ரொவைசோ. 1880இல் இங்கிலாந்து நீதிபதி லஷ், ஒரு பிரிவில் வரம்புரை இருந்தால், அது இல்லாவிட்டால் அந்தச் சங்கதி முதன்மைப் பிரிவுக்குள் அடங்கியிருக்கும் என்று அனுமானிப்பதுதான் இயல்பு என்றார். நம் பழமொழியின் சட்ட உருவம் இது. இந்திய நீதிமன்றங்களும் இந்த வழியைப் பின்பற்றுகின்றன.

எல்லை எங்கே என்பதற்குச் சென்னை மாகாணத்திலிருந்து ஒரு வழக்கு லண்டன் வரை போனது. மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேக்கும் பெஜவாடா (இன்றைய விஜயவாடா) நகராட்சிக்கும் இடையே சொத்து வரி மதிப்பீடு பற்றிய தகராறு. வரம்புரையில் இன்னின்னவற்றுக்கு இந்த முறை என்று சொல்லியிருப்பதால் மற்றவற்றுக்கு அந்த முறை கூடாது என்பது ரயில்வே தரப்பின் வாதம். 1944இல், அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. முதன்மைப் பிரிவின் சொற்கள் தெளிவாக இருக்கும்போது, அதற்குள் வெளிப்படையாக அடங்குவதை வரம்புரையிலிருந்து ஊகம் செய்து வெளியே தள்ள முடியாது என்றது. விதி எழுதப்படாமலோ மங்கலாகவோ இருக்கும் இடத்தில் விலக்கு பேசும். விதியே தெளிவாகப் பேசிவிட்டால் விலக்கின் சாட்சியம் தேவைப்படாது.

'எக்ஸ்ப்ரெஸியோ உனியுஸ்'னு இன்னொரு லத்தீன் வாசகம் கேள்விப்பட்டேன். ரெண்டும் ஒண்ணா?

உறவுக்காரர்கள். அந்த வாசகம், ஒன்றைக் குறிப்பிட்டுச் சொன்னால் மற்றது விலக்கப்படும் என்கிறது. 'கார், பைக் நிறுத்தலாம்' என்றால் லாரி கூடாது. நம் பழமொழி எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது: 'லாரி மட்டும் கூடாது' என்றால் மற்றவை கூடும். செல்லுபடியாகும் நிபந்தனைகள் இரண்டுக்கும் ஒன்றே.

நாம விலக்கு எழுதும்போது, எதிராளி அதை வெச்சு இல்லாத விதியை உண்டாக்கிடாம தடுக்க முடியுமா?

முடியும். அமெரிக்க அரசியலமைப்பு அதைச் செய்திருக்கிறது. 1788இல் உரிமைப் பட்டியல் வேண்டும் என்று பலர் கேட்டபோது அலெக்சாண்டர் ஹாமில்டன் எதிர்த்தார். அரசியலமைப்பை ஆதரித்து எழுதப்பட்ட பெடரலிஸ்ட் கட்டுரை வரிசையின் 84ஆம் கட்டுரையில் அவர் சொன்ன காரணம் நேரடியாக இந்தத் தர்க்கம்தான். பத்திரிகைச் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரமே அரசுக்குக் கொடுக்கப்படவில்லை. அப்படியிருக்க 'கட்டுப்படுத்தக் கூடாது' என்று எதற்கு விலக்கு எழுத வேண்டும்? எழுதினால், எழுதாத இடத்தில் அதிகாரம் உண்டு என்று நாளைக்கு ஒருவன் வாதாடுவான் என்றார்.

பட்டியல் வந்தே தீர்ந்தது. ஆனால் அவர் சொன்ன அபாயத்துக்கு மருந்தையும் சேர்த்தே எழுதினார்கள். 1791இல் நடைமுறைக்கு வந்த ஒன்பதாவது திருத்தம், சில உரிமைகளை இங்கே எண்ணிச் சொல்லியிருப்பதை வைத்து, மக்களிடம் உள்ள மற்ற உரிமைகளை மறுக்கவோ குறைக்கவோ கூடாது என்கிறது. வாடகை ஒப்பந்தமோ சங்க விதிமுறையோ எழுதும்போது நீங்களும் இதைச் செய்யலாம். விலக்குகளை அடுக்கிய பின் 'இங்கே குறிப்பிடாதவற்றைப் பற்றி இதிலிருந்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது' என்று ஒரு வரி சேருங்கள். உதாரணத்துக்காகச் சொல்வதென்றால் 'உள்ளிட்டவை' என்று போடுங்கள். 'மட்டும்' என்று போட்டுவிட்டால் நீங்களே கதவைச் சாத்திவிடுகிறீர்கள்.

மொழிபெயர்க்கும்போது தமிழ்ல என்ன போடுறது?

'விதிவிலக்கு விதியை நிரூபிக்கிறது' என்று போட்டால் ஆங்கிலத்தின் குழப்பம் முழுசாகத் தமிழுக்கு வந்துவிடும். மூலத்தில் எந்தப் பொருள் என்று முதலில் பாருங்கள். சட்டப் பொருள் என்றால், 'இதற்கு மட்டும் விலக்குக் கொடுத்ததிலிருந்தே மற்றதற்கு விதி உண்டு என்று தெரிகிறது' என்று விரித்து எழுதுங்கள், நீளம் பார்க்காதீர்கள். தளர்வான பேச்சு என்றால் 'அவர் ஒருவர்தான் விதிவிலக்கு' போதும், நிரூபணத்தைக் கொண்டுவர வேண்டாம். அறிவியல் கட்டுரையில் வந்தால், யுரேனஸ் ரகமா புதன் ரகமா என்று பார்த்து அதற்குத் தகுந்தபடி எழுதுங்கள். நாவலில் ஒரு பாத்திரம் ஃபௌலரின் ஐந்தாவது ரகமாகப் பேசினால் மட்டும் அப்படியே 'விதிவிலக்குதான்யா விதியை நிரூபிக்குது' என்று விட்டுவிடலாம். அங்கே அபத்தம் பாத்திரத்துக்குச் சொந்தம், திருத்துவது உங்கள் வேலையில்லை.